எட்டாம் பகுதியை மான் தின்ற கதை

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த திருகோணமலை நூலகத்திலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. சிறுவர் பகுதிக்குப் புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கும் ரிஷானி பேசினாள். நல்ல கெட்டிக்காரி. ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. சுகம் விசாரிக்கும் முன்னமே கேள்வி வந்து விழுந்தது.

“அன்ரி, பழைய அலுமாரிக்குள்ள சிறுவர் விஞ்ஞான நாவல் கொஞ்சம் கிடக்குது. ஒவ்வொண்டையும் எட்டுத் துண்டா வெட்டித் தச்சு வச்சிருக்கு. ஆர் அன்ரி இந்தக் கொலையைச் செய்தது?”

“கொலை செய்தவ ஓய்வெடுத்து, மகனோட வெளிநாடு போயிட்டா. உடந்தையா நிண்டவள் நான்தான். பொலிசுக்குச் சொல்லப் போறீரோ?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த நாவல்களை ஒழுங்காகப் படம் பிடித்து, முழுசாக, பொத்தானின் ஒரே அமுக்கில் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பப் போகிறாளாம். இனி ஏன் துண்டு துண்டாக என்று கேட்டாள். பாலையூற்றில் என் வீட்டுக்கு வா, விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன். வந்தாள். சுட்டு வைத்த வடை அத்தனையையும் தின்றபடி கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, “இதை எழுதுங்கோ அன்ரி, இல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம்” என்றாள். அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் அவளிடம் கேளுங்கள்.

நூலகத்தில் சேர்ந்த புதிதில் என்னைப் புத்தகத்துக்குக் கிட்டவும் விடவில்லை. தூசி தட்டினேன், முத்திரை குத்தினேன், கிழிந்த பக்கங்களுக்கு மெல்லிய தாள் ஒட்டினேன், பத்திரிகை வாசிக்க வந்து கதிரையிலேயே நித்திரையாகிப் போகும் ஐயாமாரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பினேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. என்னை நடமாடும் நூலக வான் வண்டியில் ஏற்றிவிட்ட நாளில்தான் என் உத்தியோகம் உண்மையில் தொடங்கியது.

ஏற்றிவிட்டவர் நூலகர் சிவகாமசுந்தரி. பிள்ளைகளுக்கு அவர் பெரிய மிஸ், நான் சின்ன மிஸ். நல்ல உயரமும் பருமனுமான பெண். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைப்பு நீண்டுகொண்டே போனால் நாங்கள் ஆளுக்கொரு அலுமாரிக்குப் பின்னால் மறைந்துவிடுவோம். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. கேட்கவேண்டிய தேவையும் வந்ததில்லை என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன்.

இனி அந்த நாவல்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கந்தளாய்ப் பக்கத்தில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை வைத்திருந்த ஒரு மனிதர், பத்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதியவை அவை. ஒரு சின்ன அச்சகத்தில் கொஞ்சப் பிரதிகள்தான் அடித்தார். நாங்கள் அவரைத் தேடிப் போவதற்கு முன்னமே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், அச்சகமும் பூட்டியாயிற்று. ஒவ்வொன்றிலும் எங்களிடம் ஒரே ஒரு பிரதி. ஆனால் என்ன எழுத்து! குளத்தடியில் புதைந்து கிடந்த இயந்திரம் விழித்தெழும், வானத்திலிருந்து விழுந்த உலோக முட்டைக்குள்ளிருந்து யாரோ தட்டுவார்கள். கையில் எடுத்த பிள்ளை சோற்றுக்கு எழும்பாது. பம்பு திருத்துகிறவர் ஆனபடியால் அவருடைய இயந்திரங்கள் எல்லாம் உண்மையாகவே வேலை செய்யும். எந்த வால்வு எங்கே, எந்தக் குழாய் எப்போது வெடிக்கும் என்று பிள்ளைகள் படம் கீறிக் காட்டுவார்கள்.

ஒரே பிரதி, கரையோர வீதியில் நான்கு பள்ளிக்கூடங்கள், இரண்டு கிழமைக்கொருமுறை வான். ஒரு பிள்ளை நாவலை எடுத்துக்கொண்டு போனால் மற்றப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவேண்டும். இதற்குப் பெரிய மிஸ் கண்டுபிடித்த வழிதான் ரிஷானி சொல்லும் கொலை. நாவலை எட்டாகப் பிரித்தார். முதலாம் பகுதி நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். அடுத்த முறை அது உப்புவெளிக்கு நகர, நகரத்துக்கு இரண்டாம் பகுதி வரும். அதற்கடுத்த முறை நிலாவெளி, பிறகு குச்சவெளி. ஒரே நாவல் நான்கு ஊரில் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு வகுப்புக்கு ஒரு துண்டு என்பதால் யாராவது ஒரு பிள்ளை உரத்து வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் அவருடைய கெட்டித்தனம் இருந்தது. அத்தியாயம் முடியும் இடத்தில் வெட்டவே மாட்டார். பின்னேரம் பால் தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்குவார். எந்தப் பக்கத்தில் தேத்தண்ணியை மறந்து அதில் ஆடை படிகிறதோ அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. “எழுத்தாளர் நிப்பாட்டுற இடத்தில பிள்ளை மூச்சு விட்டிடும். மூச்சு விட முதல் வெட்டவேணும்” என்பார். பிறகு முதுகுப் பக்கத்தை ஈரத்துணியால் ஊறவைத்து, பழைய பசையைச் சுரண்டி, நூலை அறுத்து, பகுதி பகுதியாகப் பிரிப்பார். மெழுகு பூசிய நூலால் தைத்து, பழுப்பு மட்டை போட்டு, முதுகில் துணிப்பட்டை ஒட்டுவது என் வேலை. பசை கோதுமை மாவில் காய்ச்சியது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவோம்.

இந்த முறையில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. கரையோர பஸ்ஸில் ஊருக்கு ஊர் பிள்ளைகள் போய்வருகிறார்கள், முன்னுக்கு வாசித்த ஊர்ப் பிள்ளை பின்னுக்கு வாசிக்கிற ஊர்ப் பிள்ளைக்கு முடிவைச் சொல்லிவிட்டால் எல்லாம் பாழ். அதற்காகப் பெரிய மிஸ் ஒரு சத்தியம் உண்டாக்கினார். புது நாவல் தொடங்கும் நாளில் வகுப்பு முழுவதும் வரிசையில் வந்து வானின் கதவில் உள்ளங்கையை வைத்து, “முடிவை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்று சொல்லவேண்டும். சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த நாவல் கிடையாது. நானும் சாரதி நஸீர் நானாவும்கூடக் கை வைத்தோம். பகுதிகள் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் சுற்றி முடியும்வரை நாங்கள் இருவரும் வாசிக்கக் கூடாது. பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்தே முடிவைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். கிண்ணியாக்காரரான நஸீர் நானா, “நான் ரோட்டப் பாக்கிற ஆள் மிஸ், என்ட மூஞ்சில என்னத்த வாசிக்கப் போறாங்க” என்று முறையிட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை.

‘கறுப்புநீர் நிலையம்’ என்ற நாவல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சங்கடம் வந்தது. எங்கள் துறைமுகத்து வாயிலுக்கு வெளியே கடல் திடீரென்று பாதாளமாக இறங்குகிறது அல்லவா, அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரு ஆராய்ச்சி நிலையம். அங்கே வேலை செய்யும் பொறியியலாளர் ஒருவர். மேலே, நங்கூரமிட்ட படகில், ஹெட்போனைக் காதில் மாட்டியபடி அவருடைய மகள் தாமரை. பாதாளத்தில் வெளிச்சமாக அலையும் ஏதோ ஒன்று மனிதக் குரல்களைக் கேட்டுப் பழகி அப்படியே திருப்பிப் பேசுகிறது. ஹெட்போனில் கேட்பது அப்பாவா, அதுவா என்று தாமரைக்குத் தெரியாது. கடைசியில் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிறது. உள்ளே இருந்தவர்கள் ஒரு இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிறார்கள். கூண்டின் மூடி திறக்கிறது. ஒருவர் இறங்குகிறார், இரண்டாமவர், மூன்றாமவர். உள்ளே இன்னும் யாரோ அசைகிறார்கள். அந்த இடத்தில் பெரிய மிஸ்ஸின் தேத்தண்ணி ஆறியது. அங்கே ஏழாம் பகுதி முடிந்தது.

குச்சவெளியில் அதை வாசித்தவள் துளசிகா. ஏழாம் தரம். சரியான வாயாடி. “மிஸ், நீங்கள் பட்டையைக் கோணலா ஒட்டியிருக்கிறீங்கள்” என்று என் முகத்துக்கு நேரே சொல்லுவாள். ஆனால் அவள் வாசிப்பைக் கேட்கவேண்டும். அந்த வெளிச்சப் பிராணி பேசுகிற இடம் வந்தால் குரலைத் தணித்து, ஒரு மாதிரி இழுத்து வாசிப்பாள். முன்வரிசைப் பிள்ளைகள் காலைத் தூக்கி, இருந்த வாங்குப் பலகைக்கு மேல் வைத்துக்கொள்ளும்.

ஆறாம் பகுதி அவளிடம் இருந்த நேரத்தில்தான் அவளுடைய அப்பா மீன்பிடிக்கப் போன பலநாள் படகு காணாமல் போனது. துறைமுகத்திலிருந்து புறப்பட்ட படகு. காற்றும் மழையும் ஓய்ந்த பிறகும் வயர்லெஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. கடற்படை தேடியது, மற்றப் படகுகள் தேடின. கரையோரம் முழுவதும் அதே கதைதான். துளசிகா ஒருநாளும் பள்ளிக்கூடம் வராமல் நிற்கவில்லை. ஏழாம் பகுதியை வாசித்தும் முடித்தாள். அவளுடைய வகுப்பு ரீச்சர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “மிஸ், அவள் சிநேகிதப் பிள்ளைகளிட்ட ஒண்டு சொல்லியிருக்கிறாள். தாமரையின்ர அப்பா மேல வந்தா என்ர அப்பாவும் வருவார் எண்டு. எட்டாம் பகுதி எப்பிடி முடியுது?”

எனக்கு எப்படித் தெரியும்? நான் வாசிக்கவில்லையே.

திரும்பி வந்து பெரிய மிஸ்ஸிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற கப்பல்களைப் பார்த்தார். “அடுத்த முறை கொண்டு போகத்தான் வேணும். இதைச் சாட்டி நிப்பாட்டினா அந்தப் பிள்ளைக்கு அதுவே பதிலாப் போயிடும்” என்றார்.

எட்டாம் பகுதி நிலாவெளியிலிருந்து முதுகுப்பட்டை கழன்று வந்திருந்தது. கிழமை முழுவதும் மழை, அன்றுதான் வெயில் எறித்தது. அவசரமாகப் பசை காய்ச்சினேன். மயில்துத்தம் தீர்ந்து போயிருந்தது, ஒரு முறைக்கு என்ன என்று விட்டுவிட்டேன். பட்டையை ஒட்டி, நூலகத்தின் முன்படியில் வெயிலில் காயவைத்துவிட்டு உள்ளே போனேன்.

திருகோணமலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் மான்கள் மாட்டைப் போலத் தெருவில் திரியும். கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து கடை வாசலில் நிற்கும், பஸ் நிலையத்தில் படுக்கும், மரக்கறித் தோல், அட்டைப்பெட்டி, பத்திரிகை என்று எதையும் விடாது. மாப் பசை பூசிய புத்தகம் என்றால் கேட்கவா வேண்டும்?

“யா அல்லாஹ்! மிஸ், ஓடி வாங்க, மான் திண்டுட்டுது!”

நஸீர் நானாவின் சத்தத்துக்கு ஓடி வந்தபோது, பெரிய கொம்பன் மான் ஒன்று படியில் நின்று ஆறுதலாக மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் சிவப்புத் துணிப்பட்டை தொங்கியது. நான் விளக்குமாற்றை எடுத்து எறிந்தேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிச்சத்தையும் விழுங்கியது. படியில் மீந்தது பழுப்பு மட்டை மட்டும். நான் அந்த இடத்திலேயே குந்தி அழுதேன். பெரிய மிஸ் வெளியே வந்தார், மட்டையைப் பார்த்தார், மானைப் பார்த்தார். “அதுக்காவது முடிவு தெரிஞ்சுது” என்றார்.

தெரிந்த நூலகங்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தோம். ஒரு இடத்திலும் அந்த நாவல் இல்லை. பெரிய மிஸ்ஸுக்குக் கதை தெரியும், வசனம் தெரியாது. “கதையைச் சொல்லிறது வேற, புத்தகத்தை வாசிக்கிறது வேற. எனக்கு அந்த மனுசன் எழுதின வசனம் வேணும். கடைசியா வாசிச்சது நிலாவெளிப் பிள்ளைகள். திருப்பித் திருப்பி வாசிச்ச பிள்ளைகளுக்குப் பாடமாயிருக்கும். போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாரும்” என்று என்னை அனுப்பினார்.

போனேன். நிலாவெளிப் பள்ளிக்கூடத்து ஏழாம் தரத்தின் முன்னால் கொப்பியும் பேனையுமாக இருந்து, மான் கதையைச் சொல்லி, முடிவைச் சொல்லுங்கள் பிள்ளைகள் என்றேன். ஹஸ்னா என்ற பிள்ளை எழும்பினாள். அந்த வகுப்பில் உரத்து வாசிப்பவள் அவள்தான்.

“சொல்ல ஏலாது மிஸ். சத்தியம் பண்ணியிருக்கிறம்.”

“நான் சின்ன மிஸ் பிள்ளை!”

“ஓம் மிஸ். நீங்களும் இன்னும் வாசிக்கேல்லத்தானே. உங்களுக்கும் சொல்லப்படாது.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெடியன், “இது எங்களைச் சோதிக்கிறதுக்கு மிஸ். மான் புத்தகம் திண்டதாம்! நாங்கள் மாட்டமாட்டம்” என்றான். வகுப்பே ஓம் என்று தலையாட்டியது. டொபிப் பெட்டியைத் திறந்தேன். டொபியை வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு இருந்தார்கள். கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் சிரித்துவிட்டேன். நாங்களே பூட்டிய பூட்டு, எங்களுக்கே திறக்கவில்லை.

பெரிய மிஸ்ஸுக்கு வான் பயணம் என்றால் தலைசுற்றி வாந்தி வரும். என் உத்தியோக காலத்தில் அவர் வானில் ஏறி நான் கண்டதில்லை. அடுத்த நாள் ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், மூக்கடியில் பிடித்தபடி நஸீர் நானாவுக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார். நிலாவெளியில் இறங்கி, வகுப்பை வானடிக்குக் கூப்பிட்டார். “கதவில கை வையுங்கோ. நீங்கள் பண்ணின சத்தியத்தை நான் திருப்பி எடுக்கிறன். குச்சவெளிக்கு இந்த முடிவு தேவைப்படுது. சொல்லுங்கோ” என்றார்.

“குச்சவெளிக்கோ மிஸ்?” என்று ஹஸ்னா கேட்டாள். “துளசிகா படிக்கிற பள்ளிக்கூடத்துக்கோ?”

“ஓம்.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் பொறுங்கோ மிஸ், யோசிச்சுச் சொல்லுறம் என்று வேப்பமரத்தடிக்குப் போய்க் கூடிநின்று குசுகுசுத்தார்கள். திரும்பி வந்து சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் தொட்டு, வசனம் வசனமாகச் சொல்ல நான் எழுதினேன். தொடக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை. ‘திடுக்கிட்டாள்’ இல்லை, ‘திகைத்தாள்’ என்று இரண்டு பேர் கைகலக்கப் பார்த்தார்கள். ஆனால் கடைசிப் பக்கம் வந்தபோது சண்டையே இல்லை. கூண்டிலிருந்து நான்காவதாகத் தாமரையின் அப்பா இறங்கி வருகிறார், மகளைக் கட்டிப் பிடித்து, “நான் வந்துவிட்டேன் மகளே, இனி உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன்” என்கிறார், சூரியன் உதிக்கிறது, முற்றும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, தாமரையின் அப்பா வந்துவிட்டார்! பெரிய மிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் துடைத்தார். என் கை நின்றதைக் கண்டு, “ஏன் பாத்துக்கொண்டிருக்கிறீர்? பிள்ளைகள் சொன்னபடி எழுதும்” என்றார். வரும் வழியெல்லாம் தேசிக்காயை முகர்ந்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தலைசுற்று என்று நினைத்தேன்.

அதை வடிவான எழுத்தில் படி எடுத்துத் தைத்தேன். குச்சவெளிக்கு அன்றும் பெரிய மிஸ் வந்தார். வகுப்பின் பின்னால் இரண்டு கதிரையில் நாங்கள் இருந்தோம். துளசிகா வாசித்தாள். கூண்டின் மூடி திறந்தது, அப்பா இறங்கினார், வகுப்பு கைதட்டி ஆர்ப்பரித்தது. அவள் கடைசி வரியை வாசிக்கவில்லை. புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

நாங்கள் பின்னால் போனோம். வானுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அப்பாவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் மிஸ்? சொல்லுங்கோ.”

“ஒண்டும் தெரியாது பிள்ளை,” என்றேன் நான். “என்ன கதை இது? முடிவு நல்லாத்தானே இருக்கு.”

“அது அந்த ஆள் எழுதினது இல்ல. அவர் இப்பிடி எழுதமாட்டார்.” அழுகையை அடக்கி அடக்கிப் பேசினாள். “அஞ்சாம் பகுதியில தாமரையின்ர அப்பா சொல்லுறார். நீ கேக்க ஆசைப்படுறதை மட்டும் சொல்லுற குரல் எண்டால் அது நானில்லை எண்டு. உங்கட முடிவு அந்தக் குரல் மாதிரி இருக்கு. எனக்காகத்தானே மாத்தினீங்கள்? அப்பா இல்லை எண்டு உங்களுக்குத் தெரிஞ்சபடியாத்தானே மாத்தினீங்கள்?”

இரக்கப்பட்டுச் செய்த காரியம் அந்தப் பிள்ளைக்கு மரணச் செய்தியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய மிஸ்ஸைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் விளங்கியது, பிள்ளைகள் சொன்ன முடிவு பிழையென்று அவருக்கு அன்றைக்கே தெரியும் என்று.

அவ்வளவு பெரிய உருவம், வானின் படியில் மெல்ல அமர்ந்தது. இப்போது துளசிகாவின் முகமும் அவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

“உம்முடைய அப்பாவைப் பற்றி எங்களில ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. இது சத்தியம்,” என்று வானின் கதவில் கை வைத்தார். “நிலாவெளிப் பிள்ளைகள் உம்மில இரக்கப்பட்டு மாத்திச் சொன்னவை. அது பிழையெண்டு தெரிஞ்சும் நான் பேசாமல் இருந்தனான். எனக்கும் உம்மில இரக்கம். ஆனால் நான் செய்தது சரியில்ல. என்னை மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை.”

துளசிகா மூக்கைத் துடைத்தாள். “அப்ப உண்மையா எப்பிடி முடியுது?”

“நாலாவதா இறங்கினவர் தகப்பன் இல்ல, அவருக்கு உதவியா இருந்தவர். தகப்பன் மற்றவையை அனுப்பிறதுக்காகக் கதவை மூடிப்போட்டுக் கீழ நிண்டிட்டார். ஹெட்போனில ஏதோ தட்டுற மாதிரி ஒரு சத்தம் வருகுது. அது அவரோ, வேற ஏதுமோ தெரியாது. எல்லாரும் படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லுகினம். தாமரை ஹெட்போனைக் கழட்டேல்ல. படகையும் திருப்ப விடேல்ல. அவ்வளவுதான்.”

“அப்ப செத்திட்டார் எண்டு எழுதேல்ல?”

“இல்ல.”

“வந்தார் எண்டும் எழுதேல்ல.”

“இல்ல.”

“தாமரை படகைத் திருப்பேல்ல.”

“திருப்பேல்லப் பிள்ளை.”

துளசிகா நீண்ட மூச்சொன்று விட்டாள். “இதுதான் அந்த ஆள் எழுதினது,” என்றாள். பிறகு விறுவிறென்று வகுப்புக்குள் போய், “கைதட்டினதை எல்லாரும் திருப்பி எடுங்கோ, அது பிழையான முடிவு” என்று அறிவித்தாள். சரியான முடிவைத் தன் வாயாலேயே சொன்னாள். வகுப்பில் ஒரே கூச்சல். இதென்ன முடிவு, காசு குடுத்து வாங்கின புத்தகமெண்டால் திருப்பிக் குடுத்திருப்பம் என்று ஒருவன் கத்தினான். அவள் அசையவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நிலாவெளிக்கு மறுபடி போனோம். நடந்ததைச் சொன்னபோது ஹஸ்னா தலை குனிந்து, “பாவம் எண்டுதான் மிஸ்...” என்றாள். “எனக்கும் அப்பிடித்தான் பிள்ளை. வாரும், உண்மையான பக்கத்தைச் சொல்லும்” என்றார் பெரிய மிஸ். இந்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் அடிபிடி. கடைசி வரி ‘கழற்றவில்லை’யா, ‘கழற்றவே இல்லை’யா என்பதில் மட்டும் பெரிய மிஸ் மத்தியஸ்தம் செய்யவேண்டியிருந்தது. பள்ளிக்கூட மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை. அப்படி ஒரு சண்டையை என் உத்தியோகத்தில் நான் அதற்குப் பிறகு அனுபவிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

ரிஷானி முழுப் புத்தகத்தையும் போனுக்கு அனுப்பட்டும். நல்லதுதான், எந்த மானும் தின்னாது. பிள்ளைகள் எப்படியும் வாசிக்கட்டும். ஆனால் எட்டாம் பகுதியின் கடைசி வரியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

அந்த வருடத்து மாரி முடிந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் குச்சவெளிக்குப் போயிருந்தோம். வானடியில் வழக்கம்போலப் பிள்ளைகளின் வரிசை. நான் தலை நிமிராமல் புத்தகங்களை வாங்கி வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் தரத்துப் பிள்ளைகளுக்கு நடுவில், சாரமும் சேட்டுமாக, தாடி வளர்ந்து மெலிந்து கறுத்த ஒரு ஆம்பிளை நிற்பதை அவருடைய முறை வந்த பிறகுதான் கண்டேன்.

“மிஸ், ‘கறுப்புநீர் நிலையம்’ முதலாம் பகுதி இருக்கோ?” என்று கூச்சத்துடன் கேட்டார். “கடைசிப் பகுதியைத்தான் முதல்ல கேட்டனான். இவ விடுறா இல்ல. முதலாவதிலிருந்துதான் வாசிக்கோணுமாம்.”

இவ என்று அவர் தலையால் காட்டிய பக்கம் பார்த்தேன். அவருடைய சேட்டின் பின்பக்கத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தபடி துளசிகா நின்றாள். எஞ்சின் பழுதாகி, திசை தெரியாமல் மிதந்து, ஒரு சரக்குக் கப்பல் கண்டு ஏற்றி, எங்கோ ஒரு துறைமுகத்தில் இறக்கி, இப்போதுதான் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். நஸீர் நானா வானை விட்டிறங்கி வந்து அந்த மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் முதலாம் பகுதியைத் தேடி எடுத்து நீட்டினேன்.

அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு வானுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்டு மட்டும் சொல்லுங்கோ மிஸ். கடைசியில அந்தப் பிள்ளையின்ர தகப்பன் வந்து சேருறாரோ?”

நான் வாயைத் திறக்க முன்னமே அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து துளசிகா கத்தினாள்.

“சொல்லிப் போடாதேங்கோ மிஸ்!”